கார்ட்டில் வந்த கோச்

அமெரிக்காவில் சட்டம் படிக்கிற மாணவர்களுக்கு கேசி மார்ட்டின் என்பது ஒரு வழக்கின் பெயர். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய பாடத்தில் 2001ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வரும். அதன் தலைப்பில் அவர் இருக்கிறார். கோல்ஃப் ரசிகர்களைக் கேட்டால், "மைதானத்தில் நடக்காமல் கார்ட் வண்டியில் போய் ஆட அனுமதி வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனாரே, அவர்தானே?" என்பார்கள். அவர்தான். ஆனால் அந்த வழக்கு அவர் வாழ்க்கையில் மூன்றரை ஆண்டுகளைத்தான் எடுத்துக்கொண்டது. 2006இல் அவர் ஏற்ற வேலை அதைவிடப் பல மடங்கு நீண்டது. ஒரிகன் பல்கலைக்கழக ஆண்கள் கோல்ஃப் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தபோது எட்டாத உயரத்தை அவர் எட்டியது இந்த வேலையில்தான். வழக்கை நினைவு வைத்திருப்பவர்கள் இந்தக் கதையைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுதான் வருத்தம்.

மார்ட்டின் 1972இல் ஒரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் பிறந்தார். வலது காலில் பிறவியிலேயே கிளிப்பெல்-ட்ரெனோனே-வெபர் என்ற அபூர்வமான ரத்தநாளக் கோளாறு. காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பி ஏற வழி சரியாக அமையவில்லை. அது காலிலேயே தேங்கும், வீங்கும், வலிக்கும். வயது ஏற ஏற வலியும் ஏறியது. கால் சூம்பியது, எலும்பு பலவீனமானது. குணப்படுத்த மருந்து கிடையாது. காலை இறுக்கிப் பிடிக்கும் உறைகளைப் போட்டுக்கொண்டுதான் அந்தப் பையன் கோல்ஃப் கற்றுக்கொண்டான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டான்.

ஸ்டான்ஃபோர்டில் அப்போது கோச் வாலி குட்வின். டைகர் உட்ஸுக்கு 13 வயதாக இருந்தபோதே கடிதம் எழுதி, எங்கள் கல்லூரிக்கு வா என்று அழைத்தவர். 1994இல் குட்வினின் அணி தேசியக் கல்லூரி சாம்பியன் ஆனது. மார்ட்டினும், பின்னாளில் தொழில்முறை வீரராகப் பெயர் வாங்கிய நோட்டா பிகேயும் அந்த அணியில் இருந்தார்கள். அதே ஆண்டு இலையுதிர் பருவத்தில் உட்ஸ் வந்து சேர்ந்தார். இப்படியொரு அணியை யார் வெல்ல முடியும் என்று பேசினார்கள். 1995 தேசியப் போட்டியில் ஒக்லஹோமா ஸ்டேட் வென்றது. அதுவும் ஸ்கோர் சமமாகி, கூடுதல் குழியில். எதிரணியை நடத்தியவர் மைக் ஹோல்டர், கல்லூரி கோல்ஃப் கண்ட மிகப் பெரிய பயிற்சியாளர்களில் ஒருவர். வெளியூர்ப் போட்டிகளில் மார்ட்டினோடு ஒரே அறையில் தங்கிய உட்ஸ், இரவில் அவர் பட்ட வலியைக் கண்ணால் பார்த்ததைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கல்லூரி கோல்ஃபில் அப்போது ஒரு விதி இருந்தது: ஆட்டக்காரர் நடந்தே போக வேண்டும், தன் பையைத் தானே சுமக்க வேண்டும். வலி பொறுக்க முடியாத கட்டத்தில் மார்ட்டின் விலக்குக் கேட்டார். ஸ்டான்ஃபோர்ட் அங்கம் வகித்த பசிபிக்-10 கல்லூரிக் கூட்டமைப்பும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவும் கொடுத்துவிட்டன. வக்கீல் இல்லை, வழக்கு இல்லை. கல்லூரி கோல்ஃப் கேட்டவுடன் கொடுத்த ஒன்றைத்தான் தொழில்முறை கோல்ஃப் உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது. மார்ட்டின் கடைசியில் எந்த உலகத்துக்குத் திரும்பினார் என்று யோசிக்கும்போது எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

வழக்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் அமைப்பின் தகுதிச் சுற்றுகளில் அப்போது முதல் இரண்டு கட்டங்களில் எல்லாருக்கும் கார்ட் இருந்தது. மூன்றாவது கட்டத்தில் நடந்தே தீர வேண்டியிருந்தது. 1997இல் மார்ட்டின் விலக்குக் கேட்டார், மறுத்தார்கள். யூஜீன் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நடந்து களைப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று அர்னால்ட் பால்மர், ஜாக் நிக்லஸ், கென் வென்டூரி ஆகிய ஜாம்பவான்கள் டூர் தரப்பில் சாட்சி சொன்னார்கள். 1964 யூ.எஸ். ஓப்பனில் கொளுத்தும் வெயிலில் சுருண்டு விழாத குறையாக நடந்து ஜெயித்தவர் வென்டூரி. அவர் பேச்சுக்கு எடை இருந்தது. மறுபக்கம் ஓர் உடலியங்கியல் பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஏறக்குறைய ஐந்து மைலை ஐந்து மணி நேரத்தில் நடந்து முடிக்க ஆகும் சக்தி சுமார் 500 கலோரி. ஒரு பெரிய பர்கரில் இருப்பதைவிடக் குறைவு. கார்ட் இருந்தாலும் மார்ட்டின் ஒரு சுற்றில் ஒரு மைலுக்கு மேல் நடந்தாக வேண்டியிருந்தது. அந்த ஒரு மைலில் அவர் படும் பாடு மற்றவர்களின் ஐந்து மைலுக்கு மேல் என்று கீழ் நீதிமன்றம் கண்டது. நடந்தால் ரத்தப்போக்கு ஏற்படலாம், ரத்தம் உறையலாம், எலும்பு முறிந்து காலையே எடுக்க வேண்டி வரலாம் என்ற மருத்துவ எச்சரிக்கையும் பதிவானது.

2001 மே 29 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மார்ட்டின் பக்கம் நின்றது. கோல்ஃபின் சாரம் பந்தை அடிப்பதில் இருக்கிறது, நடப்பதில் இல்லை என்ற கருத்தில் நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதினார். எந்த விளையாட்டின் விதியும் மனிதர்கள் வைத்ததுதான், அதில் எது சாரம் என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலையா என்று நீதிபதி ஸ்காலியா காட்டமாக மறுத்தார். ஸ்காலியாவின் கேள்வியைத் தூக்கி எறிய முடியாது என்பது என் எண்ணம். ஆனால் அனுமதித்தால் ஆளாளுக்கு கார்ட் கேட்பார்கள் என்று சொன்ன பயம் பலிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் பெரிதாகப் பேசப்பட்டது 2019 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் மூட்டுவலிக்காக ஜான் டேலி கார்ட்டில் வந்ததுதான்.

தீர்ப்பு கிடைத்தது, ஆட்டம் கைகொடுக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1998 ஜனவரியில், லேக்லேண்டில் நடந்த, அடுத்த நிலைத் தொடரான நைக்கி டூரின் போட்டியை மார்ட்டின் வென்றிருந்தார். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப்பில் நடந்த யூ.எஸ். ஓப்பனில் 23ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். முதன்மை டூரான பிஜிஏ டூரில் முழுதாக ஆடியது 2000ஆம் ஆண்டு மட்டும். அங்கே தொடரும் தகுதியைத் தக்கவைக்க முடியவில்லை. கீழ்நிலைப் போட்டிகளில் சில ஆண்டுகள் ஓட்டினார். 34 வயதில் சொந்த ஊருக்குத் திரும்பி, ஒரிகன் பல்கலைக்கழக அணியைக் கையில் எடுத்தார்.

ஐந்து பேர், ஐந்து இடம்

கல்லூரி கோல்ஃப் நமக்கு அவ்வளவு பழக்கமில்லாத உலகம். ஆனால் பழையது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான முதல் தேசியப் போட்டி 1897இல் நடந்தது, யேல் வென்றது. கோச் என்ற பதவிக்கும் பெரிய பரம்பரை இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக அணியை 1931 முதல் 1963 வரை நடத்திய ஹார்வி பெனிக், தன் குறிப்புகளைச் சிவப்பு அட்டை போட்ட நோட்டில் எழுதி வைத்தார். 1992இல் புத்தகமாக வந்து அமோகமாக விற்றது. அவரிடம் சிறுவயதில் கற்ற பென் கிரென்ஷா, 1995இல் ஆசானின் சவப்பெட்டியைச் சுமந்துவிட்டு, அதே வாரம் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவ் வில்லியம்ஸ் வேதிப் பொறியியல் பாடம் நடத்திய ஆசிரியர். கோல்ஃப் அணியைப் பொறுப்பேற்று 16 தேசியப் பட்டங்களைக் குவித்தார். சுவிங்கைத் திருத்துவது மட்டும்தான் கோச்சின் வேலை என்றால் வேதிப் பொறியியல் வாத்தியாரால் அதைச் சாதித்திருக்க முடியாது.

அப்படியென்றால் என்னதான் வேலை? போட்டிக்கு ஐந்து பேர் போகிறார்கள். தினமும் ஐந்து ஸ்கோர்களில் சிறந்த நான்கைக் கூட்டினால் அணியின் கணக்கு. ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு குழிகளில் ஆடிக்கொண்டிருப்பார்கள். டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்தபடி பதினோரு பேரையும் பார்க்கும் கிரிக்கெட் கோச்சின் வசதி இங்கே கிடையாது. ஆனால் ஒரு சலுகை உண்டு. தொழில்முறைப் போட்டியில் பையைச் சுமக்கும் கேடி தவிர வேறு யாரும் வீரருக்கு யோசனை சொல்லக் கூடாது. கல்லூரிப் போட்டியில் கோச் சொல்லலாம். ஆகவே எந்த நேரத்தில், யார் பக்கத்தில் நிற்பது என்பதே அவர் எடுக்கும் பெரிய முடிவு.

அனுபவசாலிகள் பெரும்பாலும் சிக்கலான பார்-3 குழியின் டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், போய் நிற்பார்கள். அங்கே ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். கீழே காற்று அசையாது, மர உச்சியில் இலை ஆடிக்கொண்டிருக்கும். ஏழாம் நம்பர் மட்டையா, எட்டாம் நம்பரா? பையன் இரண்டையும் மாறி மாறி உருவிப் பார்ப்பான். கோச் ஒரே ஒரு நம்பரைச் சொல்லுவார். அல்லது, "நீ நினைப்பது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வார். முதலில் சொன்னது தகவல், இரண்டாவது தைரியம். எவனுக்கு எது தேவை என்று தெரிந்தவர்தான் கோச். இரண்டு குழிக்கு முன்னால் மூன்று ஷாட்டைத் தொலைத்துவிட்டு வருகிற பையனுக்குக் காற்றின் திசை தேவையில்லை, பக்கத்தில் ஒரு ஆள் தேவை. பல கல்லூரிப் போட்டிகளில் முதல் நாளே 36 குழிகள். காலையில் ஏறினால் சாயங்காலம் வரை மைதானம்தான். மார்ட்டின் கார்ட்டில் சுற்றினார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் கல்லூரிப் போட்டிகளில் கோச்சுகள் கார்ட்டில் சுற்றுவது சாதாரணக் காட்சி.

மைதானத்துக்கு வெளியே நடப்பதுதான் கடினம். அணியில் ஒன்பது பத்துப் பேர் இருப்பார்கள். பயணம் போவது ஐந்து பேர். அந்த இடங்களுக்காக நண்பர்களே ஒருவரோடு ஒருவர் தகுதிச் சுற்று ஆட வேண்டும். ஆறாவதாக வந்தவன் ஊரிலேயே தங்கிவிடுவான், அதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர் கோச். பணக் கணக்கு இன்னும் நெருக்கடி. பல ஆண்டுகளாக ஓர் ஆண்கள் கோல்ஃப் அணிக்கு என்சிஏஏ அனுமதித்த உதவித்தொகை மொத்தம் நாலரை பேருக்கு. அதைத்தான் பத்துப் பேருக்குப் பங்கு போட வேண்டும். ஒருவனுக்கு அரை, ஒருவனுக்குக் கால், ஒருவனுக்குப் புத்தகச் செலவு. பெற்றோரை உட்காரவைத்து, "உங்கள் மகன் எங்களுக்கு மிகவும் வேண்டியவன், ஆனால் நான்கில் ஒரு பங்குதான் தர முடியும்" என்று சொல்லத் தனித் திறமை வேண்டும்.

யூஜீனுக்கு இன்னொரு பாதகம், மழை. வில்லமெட் பள்ளத்தாக்கில் குளிர்காலம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். வெயில் அடிக்கும் அரிசோனாவும் கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் இருக்கையில், நல்ல பையன் எதற்காக ஒரிகன் வர வேண்டும்? மார்ட்டினே உள்ளூரில் பிறந்து ஸ்டான்ஃபோர்டுக்குப் போனவர்தானே! வரவழைக்க அவர் கையில் இருந்தது, முதன்மை டூர்வரை போய் வந்த அனுபவமும், அங்கே போய் நிலைக்காமல் போவது எப்படி வலிக்கும் என்ற அறிவும். இரண்டாவதுதான் அரிது. 2010இல் அணி தேசியப் போட்டியின் அரையிறுதிவரை போனது. மழை ஊர் என்ற சாக்கு அத்தோடு போயிற்று.

இடையில் மார்ட்டின் ஆட்டத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். 2012 யூ.எஸ். ஓப்பன் மீண்டும் அதே ஒலிம்பிக் கிளப்பில் நடந்தது. யூஜீனுக்குப் பக்கத்தில் கிரெஸ்வெல்லில் நடந்த தகுதிச் சுற்றில் நாற்பது வயதுக் கோச் தேறிவிட்டார்! முக்கியப் போட்டியில் முதல் இரண்டு நாளைத் தாண்டவில்லை. அதனால் என்ன? தன் மாணவர்களோடு தானும் பயிற்சி செய்து, அவர்களைப் போலவே தகுதிச் சுற்றில் வியர்த்து இடம் பிடித்த கோச்சுகள் எத்தனை பேர்?

அடுத்த ஆண்டே ஒரு கசப்பு. 2013இல், வருங்கால மாணவர்களைத் தேடி கலிஃபோர்னியாவில் ஒரு ஜூனியர் தகுதிச் சுற்றைப் பார்க்கப் போயிருந்தார். கோச்சின் வேலையில் பாதி இதுதான். பையன் நன்றாக அடிக்கும் ஷாட்டை எல்லாரும் பார்ப்பார்கள். மோசமாக அடித்த பிறகு மட்டையை எப்படி வைக்கிறான், கயிற்றுக்கு அப்பால் நிற்கும் அப்பாவிடம் எப்படிப் பேசுகிறான் என்பதைத்தான் கோச் பார்ப்பார். அதற்குக் கூடவே சுற்ற வேண்டும். பார்வையாளர்களுக்கு கார்ட் அனுமதி இல்லை என்று மார்ட்டினைத் தடுத்துவிட்டார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த மனிதர், தன் பிழைப்புக்காக ஓர் ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் திரும்பினார். போட்டியை நடத்திய அமெரிக்க கோல்ஃப் சங்கம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. படிக்கும்போதே கோபம் வருகிறது. அவர் அடுத்த வாரமும் பையன்களைத் தேடிப் போயிருப்பார், அதுதான் அவர் தொழில்.

2016, சொந்த மண்

2016 தேசியப் போட்டி யூஜீன் கன்ட்ரி கிளப்புக்கு வந்தது. மார்ட்டின் வளர்ந்த ஊர், அவர் அணியின் வீடு. அந்த மைதானத்துக்கே ஒரு வரலாறு இருக்கிறது. முதலில் வடிவமைத்தவர் சாண்ட்லர் ஈகன், 1902இல் ஹார்வர்டு மாணவராகக் கல்லூரி சாம்பியன் பட்டம் வென்றவர். 1960களில் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் வந்து மைதானத்தைத் தலைகீழாகத் திருப்பினார்: டீ இருந்த இடத்தில் குழி இருக்கும் கிரீன், கிரீன் இருந்த இடத்தில் டீ. உயர்ந்த ஃபர் மரங்கள் இருபுறமும் நெருக்கி நிற்கும் மைதானம் அது.

2016இல் போட்டி முறை இப்படி: முதலில் நான்கு நாள் ஸ்ட்ரோக் ஆட்டம், மொத்த ஸ்கோர் கணக்கு. அதில் தனிநபர் சாம்பியன் முடிவாகும். முதல் எட்டு அணிகள் நேருக்கு நேர் மோதும் சுற்றுக்குப் போகும். அங்கே ஐந்து ஒற்றையர் ஆட்டங்கள், மூன்று வென்ற அணிக்கு வெற்றி. தனிநபர் பட்டத்தை ஒரிகனின் ஆரன் வைஸ் தட்டிச் சென்றார். அரையிறுதியில் பலம் மிக்க இல்லினாய் அணியிடம் மூன்றுக்கு இரண்டு என்று ஒரிகன் தப்பித்தது. இறுதிப் போட்டியில் எதிரே வந்தது டெக்சாஸ், ஹார்வி பெனிக் வளர்த்த அதே டெக்சாஸ். இன்றைக்கு உலகமே கொண்டாடும் ஸ்காட்டி ஷெஃப்லர் அப்போது அந்தக் கல்லூரியின் மாணவர்.

டெக்சாஸின் முன்னணி வீரர் போ ஹாஸ்லர் அரையிறுதியில் தோள்பட்டையில் அடிபட்டு, இறுதியில் இறங்க முடியவில்லை. ஆடாமலே ஒரு புள்ளி ஒரிகனுக்கு வந்தது. அதை வைத்து இந்த வெற்றியைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் மீதி நான்கு ஆட்டங்களில் இரண்டை வென்றாக வேண்டியிருந்தது, அதுவும் ஊர் முழுக்கச் சுற்றி நின்று கத்துகிற நெருக்கடியில். இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, எல்லாம் ஒரே ஆட்டத்தில் வந்து நின்றது. டெக்சாஸ் தரப்பில் டெய்லர் ஃபங்க், தொழில்முறை வீரர் ஃப்ரெட் ஃபங்க்கின் மகன். ஒரிகன் தரப்பில் சுல்மான் ராசா, யூஜீன் ஊர்ப் பையன்.

பதினெட்டு குழியும் முடிந்தது, சமம். பத்தொன்பது, சமம். இருபது, சமம். மற்ற நான்கு பேரும் வேலை முடிந்து, ரசிகர்களோடு சேர்ந்து பின்னாலேயே வந்தார்கள். இனி கோச் ஐந்து இடத்துக்கு ஓட வேண்டியதில்லை. நிற்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. அப்போது கோச்சால் செய்ய முடிவதும் மிகக் குறைவு. மட்டை ராசாவின் கையில். இருபத்தோராவது குழியில் ராசாவின் புட் உள்ளே விழுந்தது. ஒரிகன் பல்கலைக்கழக ஆண்கள் கோல்ஃப் அணிக்கு முதல் தேசியப் பட்டம்!

1994இல் ஆட்டக்காரராக வென்ற அதே பட்டத்தை 22 ஆண்டுகள் கழித்துக் கோச்சாக வென்றார் மார்ட்டின். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் இரண்டாவது என்பேன். முதலாவதில் அவர் அடித்த ஷாட்டுகளும் இருந்தன. இரண்டாவதில் ஒரு ஷாட்கூட அவருடையதில்லை.

2017இலும் அணி இறுதிவரை போய் ஒக்லஹோமாவிடம் தோற்றது. அந்தப் பருவத்தில் அணியில் இருந்தவர் விண்டம் கிளார்க். அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, ஒக்லஹோமா ஸ்டேட்டில் ஆட்டம் சிதறி, கல்லூரி மாறி மார்ட்டினிடம் வந்தவர். ஒரே ஆண்டில் பசிபிக்-12 (பழைய பசிபிக்-10) கூட்டமைப்பின் தனிநபர் பட்டம் வென்றார். 2023இல் லாஸ் ஏஞ்சலிஸில் யூ.எஸ். ஓப்பனையே வென்றார். சிதறிப்போன பையனை ஒரே பருவத்தில் திரும்ப நிற்கவைப்பதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. ஹூஸ்டனின் டேவ் வில்லியம்ஸ் அறிந்ததும் மார்ட்டின் அறிந்ததும் இதுதான்.

கிளார்க் கோப்பையைத் தூக்கியபோது மார்ட்டினுக்கு வலது கால் இல்லை. 2019இல் பெரிய விபத்து எதுவும் இல்லாமலே அந்தக் காலின் எலும்பு முறிந்தது. இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பார்த்தும் கூடவில்லை. 2021 அக்டோபரில் காலை நீக்கினார்கள். நீதிமன்றத்தில் மருத்துவர்கள் என்ன நடக்கும் என்று எச்சரித்தார்களோ, அதுவே நடந்தது. அன்று அந்த எச்சரிக்கையைச் சாக்கு என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். காலை இழந்த பிறகும் அவர் கோச்சாகத் தொடர்ந்தார்.

அவர் தொழில் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. வீரர்கள் விருப்பம்போலக் கல்லூரி மாறலாம். கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025இல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்தை ஏற்ற கல்லூரிகளுக்கு அந்த நாலரை உதவித்தொகை வரம்பு போய்விட்டது. பதிலாக அணிக்கு ஒன்பது பேர் என்று தலைக்கணக்கு வந்துவிட்டது. பணமுள்ள கல்லூரிகள் ஒன்பது பேருக்கும் முழுத் தொகை தரலாம், உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆளைக் கொண்டுவரலாம். பங்கு போடும் சங்கடம் தீர்ந்தது என்று கோச்சுகள் மகிழலாம். எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலைதான் அதிகம். பத்தாவதாகவோ பதினோராவதாகவோ அணியில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு தகுதிச் சுற்றிலும் தோற்று, மூன்றாம் வருடம் தேறிவரும் உள்ளூர்ப் பையனுக்கு இனி எந்த அணியில் இடம்? அவனை வைத்துக்கொள்ள விரும்பும் கோச்சுக்குக்கூட இப்போது விதி இடம் தரவில்லை.